சமயம் பார்த்து வரும் கிருமிகள்
கிட்னி மாற்றியவர் இருக்கிற வீட்டுக்கும் குழுவுக்கும் ஒரு பாடம்



சென்ற மாதம் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் ஒரு பிரச்சினை கிளம்பியது. உறுப்பினர் ஒருவருக்கு கிட்னி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. வரிசையாக மூன்று கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. விதிமுறைப்படி அபராதம் போட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். "ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு, வாசல்ல உட்கார்ந்து பூ கட்டுறாங்க, கூட்டத்துக்கு மட்டும் வர முடியலையாக்கும்?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "மூஞ்சியில துணி கட்டிக்கிட்டே இருக்காங்க, ஏதோ ஒட்டுவாரொட்டி நோயாம்" என்று சொல்லிவிட்டார். ஊக்குநர் என்ன செய்வது என்று எங்களிடம் கேட்டார். ஒரு குழுவுக்குப் பதில் சொல்வதைவிட எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நம் ஊர்ப் பக்கம் பெருகிவிட்டன. அவற்றால் கிட்னி கெட்டு டயாலிசிஸ் வரை போனவர்களை ஊருக்கு ஊர் பார்க்கிறோம். அதில் சிலர் மாற்று அறுவை சிகிச்சை வரை போகிறார்கள்.

புதுக் கிட்னியும் பழைய காவலும்

நம் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. அதைத்தான் நோய் எதிர்ப்பு சக்தி என்கிறோம். வெளியிலிருந்து எது வந்தாலும், "இது நம்ம ஊர் ஆள் இல்லை" என்று கண்டுபிடித்து விரட்டுவது அதன் வேலை. கிருமி வந்தாலும் விரட்டும், இன்னொருவருடைய கிட்னி வந்தாலும் விரட்டும். நல்லது செய்ய வந்த கிட்னி என்று அதற்குத் தெரியாது.

அதனால்தான் உலகத்தில் முதன்முதலில் வெற்றி பெற்ற கிட்னி மாற்று அறுவை சிகிச்சை இரட்டையர்களிடையே நடந்தது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரே மாதிரி பிறந்த இரட்டைச் சகோதரர்களில் ஒருவருடைய கிட்னியை மற்றவருக்கு டாக்டர் ஜோசப் முர்ரே வைத்தார். இருவர் உடம்பும் ஒன்றே போல இருந்ததால் காவல் ஏமாந்துவிட்டது. எல்லோருக்கும் இரட்டைப் பிறவி உண்டா? இல்லையே. அதனால் அந்தக் காவலைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் மருந்துகளைத் தேடினார்கள். 1960-களில் அசாதையோபிரின், 1980-களில் சைக்ளோஸ்போரின், அதற்குப் பின் டாக்ரோலிமஸ், மைகோபீனோலேட் என்று வந்தன. இவற்றோடு ஸ்டீராய்டு வகையான பிரட்னிசோலோனும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைத்தவை. ஒன்று நார்வே மண், இன்னொன்று ஜப்பான் மண்.

இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமான கிட்னி மாற்று 1971-ல் நம் தமிழ்நாட்டில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. இறந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் அரசுத் திட்டம் 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் கிட்னி மாற்று நடக்கிறது.

மாற்று அறுவை ஆனவர் இந்த மாத்திரைகளைப் புதுக் கிட்னி வேலை செய்கிற காலம் முழுவதும் சாப்பிட வேண்டும். ஒரு மாதம், ஒரு வருடம் என்ற கணக்கு கிடையாது. காவலை அடக்கினால் கிட்னி தப்பிக்கும். ஆனால் கிருமிகளுக்கும் கதவு கொஞ்சம் திறந்துவிடுகிறது. நமக்கும் உங்களுக்கும் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கிற கிருமிகள்கூட அவர்களிடம் சமயம் பார்த்து உள்ளே நுழைகின்றன. இதற்குப் பெயர்தான் சந்தர்ப்பவாதத் தொற்று. எச்.ஐ.வி. பற்றிய பயிற்சிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த வார்த்தை ஞாபகம் இருக்கும். அங்கே கிருமியே காவலைக் கெடுக்கிறது. இங்கே கிட்னியைக் காப்பாற்ற டாக்டர் கணக்குப் பார்த்து, தெரிந்தே காவலைக் குறைக்கிறார். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்று எல்லோரும் பயந்தோமே, அதுவும் இந்த வகைதான். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தவர்களையும் ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களையும் அது தேடிப் பிடித்தது.

முகமூடி யாருக்காக?

இப்போது அந்த "ஒட்டுவாரொட்டி" பேச்சுக்கு வருவோம். அந்த உறுப்பினர் முகமூடி போடுவது நம்மிடமிருந்து அவரைக் காப்பாற்றிக்கொள்ள. நமக்கு ஒரு சளி வந்தால் மூன்று நாள் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அதே சளி அவருக்கு நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம். கிட்னி மாற்றியது ஒட்டிக்கொள்ளும் நோய் கிடையாது. அவருக்குக் காசநோய் மாதிரி ஏதாவது வந்தால், அது மற்ற யாருக்கு வந்தாலும் எப்படிப் பரவுமோ அப்படித்தான் பரவும். அவர் தொட்ட தம்ளரில் தண்ணீர் குடிக்கலாம், பக்கத்தில் உட்காரலாம்.

கிட்னி கொடுத்தவருக்கும் இந்த ஆபத்து உண்டா என்று பலர் கேட்கிறார்கள். கிடையாது. கொடுத்தவர் காவலை அடக்கும் மாத்திரை சாப்பிடுவதில்லை. அவர் வருடம் ஒரு தடவை ரத்தக் கொதிப்பு, சிறுநீர், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது கிட்னி கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், பெற்றுக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம். அம்மா கொடுக்கிறார், மனைவி கொடுக்கிறார். இதைப் பெருமையாக மட்டும் பேசிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. கொடுத்த பெண்ணே வீட்டில் நோயாளிக்கும் ஆயாவாக இருந்துகொண்டு, தன் பரிசோதனைக்குப் போக நேரமில்லை என்று விட்டுவிடுகிறார். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையும் கேளுங்கள்: "உனக்கு எப்ப செக்கப்?"

எந்தக் கிருமி, எப்போது?

டாக்டர்கள் இதற்கு ஒரு காலக் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் மாதம் வருபவை பெரும்பாலும் அறுவை சிகிச்சையை ஒட்டியவை: புண்ணில் சீழ், சிறுநீர்க் குழாயில் தொற்று. ஒன்று முதல் ஆறு மாதம் வரைதான் மருந்தின் அளவு அதிகமாக இருந்து காவல் ரொம்பத் தளர்ந்திருக்கும் காலம். சந்தர்ப்பவாதக் கிருமிகள் அதிகம் நுழைவது அப்போது. ஆறு மாதத்துக்குப் பிறகு, எல்லாம் சரியாக இருந்தால் மருந்தின் அளவு குறையும், ஆபத்தும் குறையும். அடியோடு போய்விடாது. நடுவில் உடம்பு கிட்னியைத் தள்ளப் பார்த்து, அதற்காகப் பலமான மருந்து கொடுத்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இந்த ஆறு மாதக் காலத்தில் வரும் கிருமிகளில் ஒன்று சைட்டோமெகலோ வைரஸ். பெயர் வாயில் நுழையாது, ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு சின்ன வயதிலேயே இது வந்து, தெரியாமலேயே உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. காவல் தளர்ந்ததும் எழுந்துவிடும். சில சமயம் கொடுத்தவரின் கிட்னியோடும் வரும். காய்ச்சல், அசதி, வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவது என்று காட்டும். வராமல் தடுக்க வால்கேன்சைக்ளோவிர் மாத்திரை உண்டு. விலை அதிகம். அதனால் யாருக்குத் தேவை என்று பார்த்து டாக்டர் எழுதுவார்.

இன்னொன்று நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. நுரையீரலைப் பிடிக்கும். சளியில்லாத வறட்டு இருமல், நாலடி நடந்தாலே மூச்சு வாங்குவது. இதைத் தடுக்க ரொம்ப விலை குறைந்த கோட்ரைமாக்சசோல் மாத்திரையே போதும். அறுவைக்குப் பின் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பெரும்பாலோருக்குக் கொடுக்கிறார்கள். "இது சாதாரண மாத்திரைதானே, பெரிய மாத்திரைங்களை மட்டும் சாப்பிட்டா போதும்" என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. விடக் கூடாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வாயில் வெள்ளைப் படலம், இடுப்பிலோ நெஞ்சிலோ பட்டையாக எரிச்சலோடு வரும் அக்கி, இவையும் இதே கூட்டம்தான். அக்கிக்கு மண் எழுதிக்கொள்வது நம் வழக்கம். இவர்களுக்கு அது போதாது. அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும்.

காசநோய்: நம் நாட்டுக்கே உரிய தொல்லை

வெளிநாட்டுப் புத்தகங்களில் காசநோய்க்கு ஒரு ஓரத்தில்தான் இடம். நமக்கு அதுதான் முன்வரிசையில் நிற்கிறது. இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. காவல் நன்றாக இருக்கும்வரை அது தூங்கும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் 1999 வரை கிட்னி மாற்றியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2001-ல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு சுமார் 13 பேருக்குக் காசநோய் வந்திருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் கண்டார்கள்.

இவர்களுக்குக் காசநோய் நெஞ்சில்தான் வரும் என்று எண்ண வேண்டாம். கழுத்தில் நெறிக்கட்டி, வயிறு, எலும்பு, மூளைச் சவ்வு என்று எங்கும் வரலாம். இருமலே இருக்காது. மாலை நேரத்தில் லேசான காய்ச்சல், எடை குறைவது, சாப்பாடு பிடிக்காமல் போவது மட்டும் இருக்கும்.

இங்கேதான் நாம் கவனமாகப் படிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. காசநோய்க்கான மாத்திரைகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. சிறுநீரை செம்மஞ்சள் நிறமாக்குமே, அதேதான். மிக நல்ல மருந்து. ஆனால் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாத்திரைகளை உடம்பு வேகவேகமாகக் கரைத்துத் தீர்க்கும்படி அது செய்துவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டும் ரத்தத்தில் அளவு ஏறாது. அடங்கியிருந்த காவல் எழுந்துகொண்டு, கிட்னியைத் தள்ளத் தொடங்கிவிடும். அதனால் கிட்னி மாற்றியவருக்கு டிபி என்று தெரிந்தால், மாத்திரை தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் கிட்னி டாக்டரும் பேசிக்கொள்ள வேண்டும். வேறு மருந்து கொடுப்பார்கள், அல்லது அளவைக் கூட்டி ரத்தத்தில் அடிக்கடி பார்ப்பார்கள். டிபி மாத்திரையே வேண்டாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. டிபியை விட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்து அரசில் இலவசம். சிகிச்சை நடக்கும் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் ஆகியிருக்கிறது.

இதே மாதிரி, எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், படைக்கும் பூஞ்சைக்கும் கொடுக்கிற ஃப்ளூகோனசோல் போன்றவை மாத்திரையின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழமும் அப்படித்தான். மருந்துக்கடையில் "காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று வாங்குகிற பழக்கம் இவர்களுக்கு ஆகவே ஆகாது. உடம்புவலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் கிட்னிக்கு நேர் விரோதி. நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் எதுவும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

நம் ஊர், நம் வேலை

டாக்டர் "சுத்தமா இருங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். நம் வேலைகளை வைத்துப் பார்த்தால்தான் அது என்னவென்று புரியும்.

மாட்டுக் கொட்டகை கூட்டுவது, எருக்குழி கிளறுவது, பழைய வைக்கோல் உதறுவது, பழைய வீட்டை இடிப்பது. இந்தத் தூசியில் பூஞ்சை விதைகள் பறக்கும். நமக்குத் தும்மல், அவர்களுக்கு நுரையீரலில் பூஞ்சை. அந்த வேலைகளை முதல் வருடமாவது வேறு யாராவது செய்யட்டும். புறா, கோழிக் கூண்டு கழுவுவதும் வேண்டாம். புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருக்கும். அது மூளைச் சவ்வைப் பிடித்தால் வாரக்கணக்கில் தலைவலி விடாது. கிட்னி மாற்றியவர் விடாத தலைவலி என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

காட்டு வேலைக்கு வெறும் காலோடு போவதும் இப்படித்தான். ஈர மண்ணில் இருக்கிற ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற சின்னப் புழு பாதத் தோல் வழியாக ஏறி குடலில் பல வருடம் சத்தமில்லாமல் வாழும். ஸ்டீராய்டு கொடுத்ததும் பெருகி உடம்பெல்லாம் பரவிவிடும். கொல்லைக்குப் போனாலும் வயலுக்குப் போனாலும் செருப்பு வேண்டும்.

தை மாதம் பழனிப் பாதயாத்திரை நம் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகத்தான் போகிறது. மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. "கிட்னி நல்லபடியா ஒட்டினா நடந்து வர்றேன், அலகு குத்துறேன்" என்று வேண்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சாமி விஷயத்தில் தலையிட நாங்கள் யார்! ஆனால் முதல் ஆறு மாதத்தில் அந்தக் கூட்டமும், வெறுங்கால் நடையும், அலகும், மொட்டைக் கத்தியும் வேண்டவே வேண்டாம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில் போய்க் கும்பிட்டு வரலாம். விரதம் என்று மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பது, சூடாகச் சமைத்ததைச் சாப்பிடுவது. காய்ச்சாத பால், தெருவில் நறுக்கி வைத்த பழம், கடைச் சட்னி, அரைவேக்காட்டு முட்டை, இறைச்சி தவிர்க்க வேண்டும். ஆடிக்கூழும் பழைய சோறும் முதல் சில மாதம் வேண்டாம். காய்கறியை, அதிலும் பச்சையாகத் தின்பதை, நன்றாகக் கழுவ வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் வீட்டில் கிட்னி மாற்றியவர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வாய்வழி போலியோ சொட்டு கொடுத்த குழந்தையின் மலத்தைக் கழுவும் வேலை அவருக்கு வேண்டாம். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் அவருக்குப் போடக் கூடாது. இன்ஃப்ளுயன்சா ஊசி போன்றவற்றை டாக்டரைக் கேட்டுப் போடலாம். இளம்பெண்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மைகோபீனோலேட் கருவைப் பாதிக்கும். குழந்தை வேண்டும் என்றால் முதலில் டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிய பிறகுதான்.

அபராதம் போடலாமா?

எங்கள் கருத்து: வேண்டாம். அறுவைக்குப் பின் ஆறு மாதம், அடைத்த அறையில் இருபது பேர் உட்காரும் கூட்டத்துக்கு அவர் வராமல் இருப்பதே சரி. சேமிப்பையும் கடன் தவணையையும் யாரிடமாவது கொடுத்து அனுப்பட்டும், தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதிக்கொள்ளலாம். முடிந்தால் கூட்டத்தை மரத்தடியில், கோவில் திண்ணையில், காற்றோட்டமாக நடத்துங்கள். அவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். இருமல், சளி உள்ளவர்கள் அன்றைக்கு அவர் பக்கத்தில் போகாதீர்கள். அவர் வீட்டுக்குப் போனால் கை கழுவிவிட்டு உள்ளே போங்கள்.

ஒரு வருடம் ஆகி, டாக்டர் சரி என்றதும் பெரும்பாலோர் வழக்கமான வாழ்க்கைக்கு வந்துவிடுகிறார்கள். வேலை செய்கிறார்கள், பஸ்ஸில் போகிறார்கள், பொறுப்பாளராகவும் இருக்கிறார்கள்.

கடன் விஷயம் தனி. மாற்று அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. அரசு மருத்துவமனையில் செய்துகொண்டவர்களுக்கு மாத்திரைகளும் அங்கேயே இலவசம். ஆனாலும் மதுரைக்குப் போய்வர, கூட வருகிறவரின் கூலி இழப்பு, பரிசோதனை நாள் சாப்பாடு என்று செலவு ஒழியாது. பஸ் காசு இல்லாமல் ஒரு மாதம் போகாமல் விட்டு, மாத்திரை தீர்ந்து, பாதி பாதியாகச் சாப்பிட்டுச் சமாளிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மாத்திரை தவறினால் உடம்பு கிட்னியைத் தள்ளும். அதை நிறுத்தப் பலமான மருந்து கொடுத்தால் கிருமிகள் உள்ளே வரும். ஒரு சின்ன உள்கடன், இருநூறு முந்நூறு ரூபாய், அந்த நாளில் கிடைத்தால் அதைத் தடுத்துவிடலாம்.

காய்ச்சல் வந்தால்

ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்காது. லேசாக இருந்தாலே உள்ளே பெரிதாக ஏதோ நடக்கலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம். மூச்சு வாங்கல், சிறுநீர் எரிச்சல் அல்லது குறைவது, வயிற்றுப்போக்கு, விடாத தலைவலி, கிட்னி வைத்த இடத்தில் வலி, இவற்றுக்கும் அப்படியே. பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதாக வரும், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

ராத்திரி நேரம், மதுரை தூரம் என்றால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-ல் போகலாம். ஆலோசனைக்கு 104. எங்கே போனாலும் வாசலிலேயே முதல் வார்த்தையாக, "இவங்களுக்குக் கிட்னி மாத்தியிருக்கு, இந்த மாத்திரைங்க சாப்பிடுறாங்க" என்று சொல்லி மாத்திரை அட்டைகளைக் காட்டுங்கள். கூட வருபவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதனால் குழுவில் எழுதத் தெரிந்த ஒருவர் ஒரு கெட்டி அட்டையில் நோயாளியின் பெயர், அறுவை நடந்த தேதி, மருத்துவமனை, டாக்டரின் போன், மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மாத்திரைப் பையிலேயே வைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு தடவை மதுரை போய் வந்ததும் அளவு மாறியிருக்கிறதா என்று பார்த்துத் திருத்தி எழுத வேண்டும்.